சப்பாத்தைக் கழற்றிய கள்ளன்

திருடுவது என்று இறங்கிவிட்டால் அதையாவது ஒழுங்காகச் செய்ய வேண்டும். இரண்டு கிட்டார், ஒரு மடிக்கணினி, பழைய கார் ஒன்றின் விலை பெறும் மைக், அத்தனையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, எவனோ உள்ளங்கை அகல ஹார்ட் டிஸ்க் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போயிருந்தான். அதுவும் வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு.

சிவகௌரி ஸ்டுடியோ வாசலில் குந்தியிருந்து தரையைப் பார்த்தாள். மேல் மாடியில் நேற்றுப் பின்னேரம் யாரோ துளை போட்டதில் கூரைச் சுண்ணாம்பு மாவாய்க் கொட்டி அறை முழுக்கப் படிந்திருந்தது. அந்த மாவில் காலுறைத் தடங்கள். அகலமான பாதங்கள், பதற்றமே இல்லாத நடை.

"பாஸ், இது நம்மாளு," என்றான் முகுந்த். "ஜெர்மன் திருடன் ஸ்டுடியோக்குள்ள ஷூ கழட்ட மாட்டான். இவ்ளோ மரியாதையா திருடுறது நம்ம ஆளுங்கதான்."

முகுந்த் அவளுடைய உதவியாளன். சேலத்துக்காரன். டுசல்டோர்ஃபில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தவனை அவனுடைய கம்பெனி ஒரு வெள்ளிக்கிழமை கேக் வெட்டி அனுப்பிவைத்தது. வேறு வேலை கிடைக்கும்வரை என்று சொல்லிக்கொண்டு சிவகௌரியிடம் வந்து சேர்ந்தான். சிவகௌரி ஜெர்மனியின் இந்த வுப்பர்டால் நகரிலேயே வளர்ந்தவள். குடும்பத்தின் முதல் பட்டதாரி. அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு டோனர் கபாப் கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் நிலையம் திறந்தாள். அதன் பிறகு முதல் பட்டதாரி என்ற செய்தியைக் குடும்பம் வெளியில் சொல்வதில்லை.

"நீர் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு பையை எடும்," என்றாள். முகுந்த் நீட்டிய பிளாஸ்டிக் பைகளைச் சப்பாத்துகளின் மேல் கட்டிக்கொண்டாள்.

அவர்களுக்குப் பின்னால் நடைவழியில் நின்றது 'கறுத்தக்கொழும்பான்'. மாம்பழத்தின் பெயரை வைத்துக்கொண்டு பேய் மாதிரிக் கத்தும் ராக் இசைக்குழு. ஜெர்மனியிலுள்ள எந்தத் தமிழ்க் கோடை விழாவிலும் கடைசியாக மேடையேறுவார்கள். அவர்கள் ஏறியதும் பெரியவர்கள் சாப்பாட்டுப் பக்கம் எழுந்து போய்விடுவார்கள். பாட்டும் கிட்டாரும் ஜசிந்தா. பேஸ் கிட்டார் அலோசியஸ். டிரம்ஸ் ஸ்ரீதரன். பதினெட்டு வயதில் சேர்ந்தவர்கள், இப்போது மூன்று பேருக்கும் வாசிக்கக் கண்ணாடி வேண்டும். ஒலிப்பதிவு செய்து கொடுப்பவன் பிரதாப், டுசல்டோர்ஃபில் பகலில் ஐடி வேலை பார்க்கும் சென்னைக்காரன்.

காலையில் முதல் ஆளாக வந்து, தடங்களைக் கண்டு, ஒருவரையும் உள்ளே விடாமல் கதவுக்குக் குறுக்கே நின்று சிவகௌரிக்குப் போன் செய்தவள் ஜசிந்தா.

"இதுதான் எங்கட கடைசி அல்பம் கௌரி," என்றாள். "நேற்றோட எல்லாப் பாட்டும் பதிஞ்சு முடிஞ்சுது. அந்த டிஸ்க் ஒண்டிலைதான் எல்லாம் இருக்கு."

"வேற கொப்பி?"

பிரதாப் தன் சூட்கேஸைப் பார்த்தான். "இன்னிக்கு எடுக்கலாம்னு இருந்தேன். நைட்டு சென்னை ஃபிளைட். மிக்ஸிங் பண்றவர் இந்த ஒரு வாரம்தான் ஃப்ரீ."

"பேக்கப் எடுக்காத ஐடிக்காரன்," என்றான் முகுந்த். "என்னை அனுப்பிட்டு உங்களையா வெச்சிருக்காங்க?"

"திரும்ப அடிச்சுப் பதிய ஏலாதோ?" என்று கேட்டாள் சிவகௌரி.

ஜசிந்தா கண்ணால் ஸ்ரீதரனைக் காட்டினாள். அவர் சுவரில் சாய்ந்து, இடக்காதை இவர்கள் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். பெரிய உடம்பு, கறுப்புச் சட்டை. நாற்பது வயதுக்குப் பிறகும் கடவுள் இல்லை என்று எழுதிய பனியன் போடுகிறவர்; இன்றும் அதுதான்.

"வலக்காது போய்ட்டுது," என்றார். "இனி டிரம்ஸிலை கை வைச்சால் இடக்காதும் போகும் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். இந்த ஒரு அல்பத்துக்கு மட்டும் விடுங்கோ எண்டு கெஞ்சித்தான் அடிச்சனான்."

ஆக டிஸ்க் போனால் அல்பம் போனது. இன்னொருவரை வைத்து அடித்து நிரப்பலாம்தான். அந்த யோசனையைச் சொன்ன பிரதாப்பை ஜசிந்தா பார்த்த பார்வையில் அவன் சூட்கேஸுக்குப் பின்னால் ஒதுங்கினான்.

சிவகௌரி தடங்களை மிதிக்காமல் உள்ளே போனாள். ஜன்னலை உரசுவதுபோல், தண்டவாளத்தில் தொங்கியபடி ஓடும் ஊர் ரயில் போனது, தூசு இன்னும் கொஞ்சம் உதிர்ந்தது. தடங்கள் வாசலிலிருந்து மைக் கம்பிக்குப் போயின. அங்கிருந்து பேஸ் கிட்டாருக்கு. அங்கிருந்து கணினி மேசைக்கு, பிறகு வாசலுக்கு. டிரம்ஸ் இருந்த கண்ணாடி அறைப் பக்கம் மாவு அப்படியே, யாரும் நடக்காத பனி மாதிரிக் கிடந்தது.

"கௌரி, என்ர கிட்டார் பிக் மைக் கம்பியிலை செருகியிருக்கும். இருக்கோ?" ஜசிந்தா வாசலில் நின்றே கேட்டாள்.

"இல்லை அக்கா."

"என்ர பேஸின்ரை தோள்வார்?" அலோசியஸ்.

"அதுவும் இல்லை அண்ணை."

"என் ஹெட்போன்?" பிரதாப்.

"காணேல்லை."

"என்ர டிரம்ஸ் தடியிலையும் ஒண்டைக் காணேல்லை," என்றார் ஸ்ரீதரன்.

சிவகௌரி மேசையைப் பார்த்தாள். டிஸ்க் இருந்த இடத்தைத் திருடன் துணியால் துடைத்துவிட்டுப் போயிருந்தான்.

"ஆளுக்கு ஒண்ணு," என்றான் முகுந்த். "பிக்னிக் போற மாதிரி எடுத்துட்டுப் போயிருக்கான்."

"இது பழைய கீபோர்ட்காரன்ரை வேலை," என்றார் அலோசியஸ். "எங்களோட கோவிச்சுக்கொண்டு பீலெஃபெல்டுக்குப் போனவன்."

"பீலெஃபெல்ட்னு ஒரு ஊரே இல்லைன்னு ஜெர்மன்காரங்களே ஜோக் அடிக்கிறாங்க சார்."

"எனக்கு அங்கை ஆறு மச்சாள்மார் இருக்கினம்," என்றாள் சிவகௌரி. "இல்லாட்டி எவ்வளவு நிம்மதி. அவையின்ரை பேச்சை விடும், லப்டொப்பை எடுத்து இதுகளை எழுதும்."

முகுந்த் மடிக்கணினியைத் திறந்தான். அதன் முதுகில், கம்பெனிப் பெயரைச் சுரண்டி எடுத்த இடத்தில், சந்தனமும் அதன் நடுவில் குங்குமமும் காய்ந்திருந்தன.

"இதென்ன கோலம்?"

"நேத்து ஆயுத பூஜைல்ல பாஸ். எங்கம்மா வீடியோ கால்ல நின்னு வெக்க வெச்சாங்க. வேலை இல்லாதவன் லேப்டாப்புக்கு எதுக்கும்மா பொட்டுன்னேன். அதுக்குத்தாண்டா வெக்கிறதுன்னாங்க. நேத்து முழுக்க அதைத் தொடக் கூடாதாம்."

சிவகௌரி அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"இது களவில்லை. நேற்று சரஸ்வதி பூசை. அவனவன் தொழில் செய்யிற சாமானிலை ஒண்டைச் சாமிக்கு முன்னாலை வைக்கிறது. ஆளுக்கு ஒண்டு, மேசையும் துடைச்சு, சப்பாத்தும் கழற்றி. ஆரோ உங்கட அல்பத்தைக் கொண்டுபோய் பூசைக்கு வைச்சிருக்கினம்."

"என்ர பிக்கைச் சரஸ்வதிக்கு வைச்சதோ?" ஜசிந்தா கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டாள். "நான் ஞாயிற்றுக்கிழமை மாதாவுக்கு என்னெண்டு சொல்லுறது?"

"அவங்களும் லேடிதான் மேடம், புரிஞ்சுக்குவாங்க," என்றான் முகுந்த்.

"கோயில் வேலை முழுக்கப் பார்க்கிறது ஆர்?" சிவகௌரி கேட்டுக்கொண்டே படியிறங்கினாள். பதில் அவளுக்கே தெரியும். ஸ்ரீதரனின் மனைவி பிருந்தா.

"பிருந்தா இதைச் செய்யமாட்டா," என்றார் ஸ்ரீதரன் பின்னால் நின்று. குரல் தேவைக்கு மேல் உரத்துக் கேட்டது. "அங்கை போறது வீண் வேலை."

வீண் வேலை என்று யாராவது சொன்னால் சிவகௌரி அதைத்தான் முதலில் செய்வாள். படிப்பையும் அப்படித்தான் முடித்தாள்.

அம்மன் கோயில் தொழிற்பேட்டைக்குள் இருந்தது. ஒரு பக்கம் டயர் மாற்றும் கடை, மறு பக்கம் தரை ஓட்டுக் கிடங்கு. கோபுரம் கட்ட நகரசபை அனுமதி தரவில்லை. அதனால் தகரக் கூரைக்குக் கீழே கோபுரத்தின் படத்தை அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். உள்ளே கேசரி வாசனையும் ஈரச் சப்பாத்து வாசனையும் கலந்து வந்தன.

சரஸ்வதி படத்துக்கு முன்னால் சாமான்கள் மலையாகக் குவிந்திருந்தன. பிள்ளைகளின் புத்தகங்கள், ஒரு வயலின், தாதியின் ஸ்டெதஸ்கோப், துளை போடும் இயந்திரம், டோனர் இறைச்சி சீவும் நீளக் கத்தி. எல்லாவற்றின் மேலும் மூடியும் மூடாமலும் ஒரு வெள்ளைத் துணி. துணியின் ஓரத்தில் கறுப்பாக ஒரு தோள்வார் தலை நீட்டிக்கொண்டிருந்தது.

சிவகௌரி குனிந்து கையை நீட்டினாள்.

"தொடாதேங்கோ பிள்ளை." ஐயர் கேசரிக் கரண்டியோடு வந்தார். "பின்னேரப் பூசை முடிஞ்சாப் பிறகுதான் எடுக்கிறது."

"இதைக் கொண்டுவந்து வைச்சது ஆர் ஐயா?"

"அது சொல்ல ஏலாது."

"ஏன்?"

"டேட்டன்ஷுட்ஸ்," என்றார் ஐயர். "பக்தர்களின்ரை தனிப்பட்ட விபரம் வெளியிலை குடுக்கப்படாது. சங்கத்திலை கூட்டம் வைச்சுச் சொன்னவை. கடிதமும் இருக்கு."

"சாமிக்கு மட்டும் எல்லார் டேட்டாவும் போகுதே ஐயரே," என்றான் முகுந்த்.

"அவதானே நிர்வாகசபை," என்றார் ஐயர்.

மேளக்காரர் விஜயரத்தினம் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்து, மாலைப் பூசைக்காக விரல்களில் தவில் கூடுகளை மாட்டிக்கொண்டிருந்தார். "கறுத்தக்கொழும்பானின்ரை சாமானோ?" என்றார் தலை நிமிராமல். "அது பாட்டில்லைத் தங்கச்சி. குளிர்ப்பெட்டியைப் படியிலை உருட்டிவிட்ட சத்தம்."

சமையல் பக்கமிருந்து பிருந்தா அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். சிவகௌரிக்குச் சுற்றி வளைத்துக் கேட்க வராது.

"அக்கா, ஸ்டுடியோச் சாவி உங்கட வீட்டிலை இருக்கு. நேற்று இந்த டிஸ்க்கை எடுத்து வைச்சது நீங்களோ?"

பிருந்தா சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. "அந்த டிஸ்க்கிலை இருக்கிற பாட்டிலை மூண்டு, சாமி இல்லை எண்டு. ஒண்டு இந்தக் கோயிலின்ரை கார் தரிப்பிடத்தைப் பற்றி. அதைக் கொண்டுவந்து இவவுக்கு முன்னாலை நான் வைப்பனோ? வைச்சால் மறுபடி இந்த வாசலை மிதிப்பனோ?" பிறகு காலைத் தூக்கிக் காட்டினார். "அதோட, ஜசிந்தா போனிலை சொன்னவ, ஏதோ யானைக் கால் தடமாம். எனக்குப் பிள்ளையளின்ரை சைஸ் செருப்புத்தான்."

முகுந்த் மெல்ல, "பாஸ், நமக்கு ஒரு சஸ்பெக்ட்தான் இருந்தாங்க," என்றான்.

சிவகௌரியின் மனம் ஸ்டுடியோவுக்குத் திரும்பி, மாவில் நடந்துகொண்டிருந்தது. மைக் கம்பி. பேஸ் கிட்டார். மேசை. வாசல்.

வெளியே பிரதாப்பின் கார் வந்து நின்றது. ஜசிந்தாவும் அலோசியஸும் சப்பாத்தைக் கழற்றி உள்ளே வந்தார்கள். பிரதாப் சூட்கேஸைக் காரிலேயே விட்டுவிட்டு, நேரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தான். ஸ்ரீதரன் வாசலுக்கு வெளியே நின்றார். கலியாணத்துக்குப் பிறகு இந்த மனிதர் எந்தக் கோயில் வாசலையும் தாண்டியதில்லை என்பது வுப்பர்டால் முழுக்கத் தெரிந்த செய்தி. அவரே அதைப் பாட்டாகவும் போட்டிருக்கிறார்.

சிவகௌரி அவருடைய இடப்பக்கமாகப் போய் நின்றாள்.

"அண்ணை, காலமை மற்ற எல்லாரும் என்னைக் கேட்டவை. பிக் இருக்கோ, வார் இருக்கோ எண்டு. நீங்கள் மட்டும் கேக்கேல்லை. தடி ஒண்டைக் காணேல்லை எண்டு சொன்னீங்கள். நீங்கள் நிண்ட இடத்திலை இருந்து பார்த்தால் பெரிய டிரம்மின்ரை வயிறு மட்டும்தான் தெரியும்."

ஸ்ரீதரன் டயர் கடையைப் பார்த்தார்.

"அதோட கண்ணாடி அறைப் பக்கம் ஒரு கால் தடமும் இல்லை. எல்லாற்றை சாமானையும் நடந்துபோய் எடுத்த ஆள், தடியை மட்டும் நடக்காமல் எடுத்திருக்கிறார். ஏனெண்டால் அது ஏற்கெனவே அவற்றை கையிலை இருந்தது. தன்ரையும் போய்ட்டுது எண்டு காட்டினால் ஒருத்தரும் சந்தேகப்படமாட்டினம் எண்டு ஒரு நினைப்பு. சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு உள்ள வாங்கோ."

"நான் கோயிலுக்குள்ள வாறேல்லை."

"நேற்று வந்தனீங்கள்."

ஸ்ரீதரன் டயர் கடையிலிருந்து பார்வையை எடுத்தார். பிறகு குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். கறுப்புக் காலுறை, அடிப்பாகம் முழுக்கச் சுண்ணாம்பு வெள்ளை.

"நேத்துப் போட்ட சாக்ஸ்," என்றான் முகுந்த் மெதுவாக. "சாட்சியைத் துவைக்கக்கூட இல்ல மனுஷன்."

உள்ளே முதலில் பேசியது பிருந்தா. "நீங்களோ?" அந்த ஒரு சொல்லில் இருபது வருடம் தனியாகக் கோயிலுக்கு வந்த களைப்பு இருந்தது.

"ஒரு பூசை முடிஞ்சோடனை எடுத்துக்கொண்டு போகலாம் எண்டு நினைச்சன்," என்றார் ஸ்ரீதரன். "ஸ்டுடியோவிலை ஒருத்தருக்கும் தெரியாமல் திரும்ப வைச்சிடலாம் எண்டு. ஒரு இரவு முழுக்க இருக்கோணும் எண்டு எனக்கென்ன தெரியும்? துணியை மூடினாப் பிறகுதான் ஐயர் சொல்லுறார்."

"பாஸ்போர்ட் போட்டோ மாதிரி நினைச்சிருக்கார்," என்றான் முகுந்த். "குடுத்தோம், நின்னோம், வாங்கினோம்."

"காலமையே சொல்லியிருக்கலாமே மடையா," என்றார் அலோசியஸ்.

"என்னெண்டு சொல்லுறது? இந்த வாயாலையோ?" கடவுள் இல்லை என்று அச்சடித்த நெஞ்சைத் தட்டிக் காட்டினார்.

ஜசிந்தா அவர் முன்னால் வந்து நின்றாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. "காதுக்காகவோ வைச்சனி?"

"காது போனது போனதுதான்." ஸ்ரீதரன் குரலைத் தாழ்த்தினார். தாழ்ந்த அளவு அவருக்கே தெரியவில்லை, ஒருவரும் கேட்க முடியாத அளவுக்குப் போய்த் திரும்பி வந்தது. "கடைசிப் பாட்டிலை எல்லா வாத்தியமும் நிண்டு டிரம்ஸ் திரும்ப விழுகிற இடம் இருக்கெல்லே. அதிலை நான் ஒண்டையும் கேட்டு அடிக்கேல்லை. உன்ர காலைப் பார்த்து அடிச்சன். சரியா விழுந்ததோ பிழையா விழுந்ததோ எனக்குத் தெரியாது. உங்களைக் கேட்டால் நல்லம் எண்டுதான் சொல்லுவியள். காது போறவனுக்கு வேற என்ன சொல்லுறது. எனக்காகப் பொய் சொல்லாத ஒரு ஆளிட்டைக் குடுப்பம் எண்டு நினைச்சன்."

"சரஸ்வதி வாய் திறந்து சொல்லவும் மாட்டாவே," என்றார் பிருந்தா. சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பால் கணவனின் சட்டையில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டினார்.

பிரதாப் தொண்டையைச் செருமினான். "சாரி, எல்லாம் சரி. ஆனா எனக்கு ஃபிளைட். டிஸ்க்கை எடுத்துக்கட்டுமா?"

"தொடாதேங்கோ," என்று இரண்டு குரல் கேட்டது. ஒன்று ஐயர். மற்றது ஸ்ரீதரன்.

எல்லாரும் ஸ்ரீதரனைப் பார்த்தார்கள்.

"வைச்சாச்சு," என்றார் அவர் எரிச்சலோடு. "நம்பிறது நம்பாதது என்ர பாடு. வைச்ச முறை ஒண்டு இருக்கெல்லே."

பின்னேரப் பூசை முடியும்வரை நின்றால் விமானம் போய்விடும். பூசை முடியாமல் டிஸ்க் வராது. படிப்புக்குப் பொறுப்பான தெய்வத்தோடு மல்லுக்கு நிற்கும் அளவுக்குத் தன் பட்டம் போதாது என்று சிவகௌரிக்குத் தோன்றியது. அவள் துணியைப் பார்த்தாள். தோள்வாருக்குப் பக்கத்தில், ஒரு பிள்ளையின் கணக்குப் புத்தகத்தில் சாய்ந்தபடி, டிஸ்க்கின் முனை தெரிந்தது. கேபிள் செருகும் துளை வெளிப்பக்கம்.

"ஐயா, கைதான் படக்கூடாது. வயர் படலாமோ?"

ஐயர் கரண்டியைக் கீழே வைத்தார். இந்தக் கேள்விக்கு எந்த ஆகமத்திலும் பதில் இல்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. சரஸ்வதியைப் பார்த்தார், விஜயரத்தினத்தைப் பார்த்தார், துளை போடும் இயந்திரத்தின் சொந்தக்காரரைக்கூடத் தேடிப் பார்த்தார்.

"வயரைப் பூசைக்கு வைக்கேல்லை," என்றார் கடைசியில். "அது வெளியாள். படட்டும்."

முகுந்த் பொட்டு வைத்த மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு சம்மணமிட்டான். கேபிளின் நுனியை மட்டும் பிடித்து, குண்டு செயலிழக்கச் செய்கிறவன் மாதிரி மூச்சை அடக்கி முன்னால் தள்ளினான். டிஸ்க் பின்னால் நகரப் பார்த்தது. கணக்குப் புத்தகம் விடவில்லை. கிளிக்.

"இவ்ளோ நாள்ல கணக்கு எனக்கு ஹெல்ப் பண்ணது இதான் ஃபர்ஸ்ட் டைம்."

கொப்பி ஓடி முடிந்து, பிரதாப்பின் பென் டிரைவிலும் ஏறியது. கோப்பு பழுதில்லாமல் வந்ததா என்று கேட்டுப் பார்க்காமல் விமானம் ஏற மாட்டேன் என்றான் பிரதாப், ஒருநாள் தாமதமாக வந்த புத்தி. மடிக்கணினியின் ஒலி யாருக்கும் எட்டவில்லை. பிருந்தா ஐயரைக் கேட்கவில்லை. தானே போய்க் கோயில் ஒலிபெருக்கியின் வயரை இழுத்துக்கொண்டு வந்து கொடுத்தார்.

கடைசிப் பாட்டு தகரக் கூரையில் மோதி இறங்கியது. நாளைக்கு வேலை இருக்கு, இருந்தாலும் இன்னொரு பாட்டு என்று ஜசிந்தாவின் குரல் கத்தியது. சமையல் பக்கமிருந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். டயர் கடைக்காரன் கையில் சக்கரத்தோடு வாசலுக்கு வந்து நின்றான்.

"நல்லாத்தான்..." என்று ஜசிந்தா வாய் திறந்தாள்.

"ஒருத்தரும் எனக்கு ஒண்டும் சொல்லவேண்டாம்," என்றார் ஸ்ரீதரன். அவர் ஒலிபெருக்கியைப் பார்க்கவில்லை, நண்பர்களையும் பார்க்கவில்லை. அவர் பார்த்த இடத்தைச் சிவகௌரியும் பார்த்தாள்.

விஜயரத்தினம் முகத்தைச் சுளித்துக்கொண்டு கதிரையில் இருந்தார். முகம் முழுக்க வெறுப்பு. ஆனால் கூடு மாட்டிய விரல்கள் கதிரைக் கைப்பிடியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. அவருக்கே தெரியாமல்.

பாட்டு நின்றது. கிட்டார் இல்லை, குரல் இல்லை, ஒன்றுமில்லை. விஜயரத்தினத்தின் விரல்கள் காற்றில் எழுந்து அப்படியே நின்றன. ஸ்ரீதரனும் மூச்சுவிடவில்லை.

பிறகு டிரம்ஸ் விழுந்தது. விரல்களும் விழுந்தன. இரண்டுக்கும் நடுவில் ஒரு முடி நுழைய இடமில்லை. விஜயரத்தினத்தின் தலை தானாக ஒருமுறை ஆடியது. ஆடியதை உணர்ந்ததும் அவர் அவசரமாகக் கையை மடிக்குள் ஒளித்து, வெற்றிலைத் தட்டைத் தேடுவதுபோல் மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

ஸ்ரீதரன் நீளமாக மூச்சுவிட்டார். பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. முடியும்வரை அவர் காத்திருக்கவில்லை.

"பிரதாப்," என்றார். "கொண்டு போம்."